சிமெண்டுத் தூசியும் அக்காவின் ரத்தமும்

அக்காவை எந்த டாக்டரிடம் கூட்டிப்போனாலும் முதல் கேள்வி ஒன்றாகத்தான் இருக்கும். வீட்டில் யார் சிகரெட் பிடிப்பார்கள்? யாரும் இல்லை என்றால், மிஸ்ரி தேய்ப்பீர்களா? புகையிலையைக் கருக்கிப் பொடித்துப் பல்லில் தேய்க்கும் பழக்கம் இந்தப் புனேப் பக்கத்துப் பெண்கள் பலரிடம் உண்டு. அதுவும் இல்லை என்றால் டாக்டர் பேனாவை நிறுத்திவிட்டு அக்காவை ஒரு பார்வை பார்ப்பார். உண்மையை வரவழைக்கிற போலீஸ்காரர் பார்வை. அக்கா தலையைக் குனிந்துகொள்வாள். எனக்கு உடம்பெல்லாம் எரியும்.

அக்கா பீடியைத் தொட்டதில்லை. அத்தானும் தொட்டதில்லை. எங்கள் அப்பா இங்கே கட்கிப் பகுதியில் வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். வாழ்நாளில் ஒரு தடவைகூட தீப்பெட்டியைச் சட்டைப்பையில் வைத்ததில்லை. அங்கே தீப்பெட்டியோடு பிடிபட்டால் வேலை போய்விடும். வீட்டில் இருந்த ஒரே புகை பம்ப் என்று இங்கே சொல்லும் வெந்நீர்ச் செம்புக் கொதிகலனின் புகைதான். அடியில் விறகையும் கரியையும் போட்டு எரிக்க வேண்டும். புனேயில் அப்போது எல்லார் வீட்டிலும் அது இருந்தது. அந்தப் புகையை அக்காவும் நானும் சேர்ந்துதான் குடித்தோம்.

படித்து முடித்ததும் அக்காவுக்குக் கேம்ப் பகுதியில் ஒரு பள்ளியில் பி.டி. டீச்சர் வேலை கிடைத்தது. மைதானத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் பஸ் போகிற ரோடு. சிக்னலில் நிற்கும் பஸ்களின் கரும்புகை சுவரைத் தாண்டி உள்ளே இறங்கும். இன்னொரு மூலையில் சருகோடு பிளாஸ்டிக்கையும் சேர்த்துக் கொளுத்துவார்கள். அந்த மைதானத்தில்தான் தினமும் காலை டிரில். மூச்சை நன்றாக இழு, நெஞ்சு விரியட்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது அக்காவின் வேலை. சொல்வதோடு நிற்கமாட்டாள். தானும் இழுத்துக் காட்டுவாள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஓய்வு பெறுகிற வரைக்கும் அந்தக் காற்றைத்தான் மற்ற டீச்சர்களைவிட ஆழமாக இழுத்தாள்.

மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்க ஆரம்பித்தபோது அவளுக்கு ஐம்பது கூட ஆகவில்லை. ஒரு டாக்டர் ஆஸ்துமா என்றார். இன்னொருவர் எடையைக் குறைக்கச் சொன்னார். இன்னொருவர் இது அந்த வயதுப் பெண்களுக்கு வரும் படபடப்பு என்று தூக்க மாத்திரை கொடுத்தார். பிள்ளைகளோடு ஓட்டப்பந்தயம் ஓடியவளைப் பார்த்துப் படபடப்பு என்றார். வருடக்கணக்கில் அப்படிப் போயிற்று. கடைசியில் ஒரு நெஞ்சு மருத்துவர், வயதான அம்மாள், அக்காவைக் குழாயில் ஊதச் சொல்லி, சி.ஓ.பி.டி. என்றார். நுரையீரலின் காற்றுக்குழாய்கள் சுருங்கி, சேதமாகி, பழையபடி திரும்பாத நோய். அந்த அம்மாள் மட்டும்தான் வேறு ஒரு கேள்வி கேட்டார்.

"எந்த ரோட்டுப் பக்கத்துல வேல பாத்தீங்க?"

அக்கா அழுதுவிட்டாள். நோயின் பெயரைக் கேட்டு அழவில்லை. ஒருவராவது அதைக் கேட்டார்களே என்று அழுதாள்.

அத்தான் போன பிறகு அக்கா தன் மகள் வீட்டுக்குக் குடிபோனாள். மகளும் மாப்பிள்ளையும் ஐ.டி. வேலை. விமான் நகரைத் தாண்டி ஒரு புது அடுக்குமாடியில் ஃபிளாட் வாங்கியிருந்தார்கள். சுற்றிலும் காலி நிலம், நல்ல காற்று என்று சொல்லித்தான் அழைத்தாள் மகள். முதல் வருடம் அப்படித்தான் இருந்தது. நான் கட்கியிலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் போவேன். பால்கனியில் உட்கார்ந்து நாங்கள் இருவரும் பூண்டு உரிப்போம், ஊர்க்கதை பேசுவோம்.

அடுத்த மழைக்காலம் முடிந்ததும் எதிர்மனையில் தகரத் தடுப்பு எழும்பியது. பிறகு உயரமான இரும்புத் தொட்டிகள் வந்தன. ரெடிமிக்ஸ் பிளாண்ட். ஜல்லி, மணல், சிமெண்டு எல்லாவற்றையும் அங்கே கலந்து, சுற்றியுள்ள கட்டட வேலைகளுக்கெல்லாம் உருளை லாரியில் கான்கிரீட்டாக அனுப்புவார்கள். ஜன்னல் கம்பியில் விரலை வைத்தால் அரிசி மாவைத் தொட்டது மாதிரி இருக்கும். உலர்த்திய துணியை உதறினால் தும்மல் வரும். லாரிகள் வரிசையில் நின்று இன்ஜினை அணைக்காமல் டீசல் புகையைக் கக்கிக்கொண்டிருக்கும். பூண்டு உரிப்பதை நாங்கள் சமையலறைக்கு மாற்றிக்கொண்டோம்.

அந்தக் குளிர்காலத்தில் அக்காவை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாயிற்று. உதடு நீலமாகிவிட்டது. ஆக்சிஜன் வைத்து, நெஞ்சு தெளிந்து வீட்டுக்கு வர ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. மறுபடி காட்டப் போன நாளில்தான் ஓர் ஆராய்ச்சிப் பெண் எங்களிடம் வந்தாள். மராத்திப் பெண், இளவயது. அக்காவை மாவ்ஷி என்று கூப்பிட்டாள், சித்தி என்கிற மாதிரி. காற்று மாசும் நுரையீரல் நோயும் பற்றிய ஆய்வுக்குக் கொஞ்சம் ரத்தம் தர முடியுமா என்று கேட்டாள்.

"எதுக்கும்மா ரத்தம்? நெஞ்சுதானே கெட்டுப்போச்சு," என்றாள் அக்கா இந்தியில்.

அந்தப் பெண் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு நிதானமாகச் சொன்னாள். "ஜீன் நம்மோடவே பிறக்குது மாவ்ஷி. பெரும்பாலும் கடைசி வரைக்கும் அதே எழுத்துதான். ஆனா அதுமேல சின்னச் சின்ன அடையாளங்கள் ஒட்டிக்கும். எந்த ஜீன் வேலை செய்யணும், எது அடங்கியிருக்கணும்னு முடிவு பண்றதுல அதுக்குப் பங்கு இருக்கு. புகையும் தூசியும் உள்ள போனா அந்த அடையாளங்கள் மாறுது. உங்க மாதிரி நோய் இருக்கறவங்க ரத்தத்துல அது எப்படி மாறியிருக்குன்னு பாக்கறோம்."

அக்கா என் பக்கம் திரும்பி, "அதாவது டீம் அதேதான்டி. யார் கிரவுண்டுல எறங்கணும், யார் பெஞ்சில குந்தணும்னு வெளியில இருந்து எவனோ மாத்திட்டான்," என்றாள். அதையே இந்தியிலும் சொன்னாள்.

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். "கிட்டத்தட்ட அதான் மாவ்ஷி. சும்மா இருக்க வேண்டியது எறங்கி ஆடுது. அதுல உள்ளுக்குள்ள வீக்கம் கொறையாமலே இருக்கு."

"திரும்பப் பழையபடி ஆகுமா?"

"காத்து சுத்தமானா சிலது மெல்ல மாறலாம். சிலது ரொம்ப வருஷம் நிக்கும். எது நிக்கும், எது போகும்னு எங்களுக்கே முழுசாத் தெரியாது."

அக்கா கையை நீட்டினாள். ஊசி ஏறும்போது கேட்டாள். "என் பொண்ணு மாசமா இருக்கா. என்கிட்ட இருக்கறது அவளுக்குப் போகுமா?"

அந்தப் பெண் ரத்தம் எடுத்து முடித்தாள். பஞ்சை அழுத்திப் பிடித்தபடி சொன்னாள். "உங்ககிட்ட இருந்து அப்படியே எறங்கும்னு யாரும் உறுதியாச் சொல்ல முடியாது மாவ்ஷி. ஆனா மாசமா இருக்கறவங்க இழுக்கற காத்து, வயித்துல இருக்கற குழந்தையோட அடையாளங்களையும் மாத்தலாம்னு ஆராய்ச்சிகள்ல தெரியுது. பொண்ண கொஞ்சம் பாத்துக்கங்க."

அக்காவுக்கென்று தனியாக முடிவு எதுவும் வராதாம். எல்லாருடைய ரத்தத்தையும் சேர்த்துத்தான் பார்ப்பார்களாம். அந்தப் பெண்மீது எனக்குக் கோபமில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொன்னவள் அவள். என் கோபம் வேறு. எங்கள் வீட்டுச் சுவரில் எவனாவது ஒரு போஸ்டரை ஒட்டினால் சட்டையைப் பிடித்துக் கேட்கலாம். இங்கே என் அக்காவின் ரத்தத்துக்குள் புகுந்து, பிறவி எழுத்தின்மேல் தன் அடையாளத்தை ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். எந்தச் சட்டையைப் பிடிப்பது என்று தெரியவில்லை.

ஆட்டோவில் திரும்பினோம். பாலம் ஏறும்போது அக்கா முகத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டே சொன்னாள்.

"இத்தினி வருஷமா நீ இன்னா குடிச்சே, இன்னா குடிச்சேன்னு என்னியதான் கேட்டாங்க. எரிச்சவன ஒருத்தனும் கேக்கல."

மறுநாளே அக்கா களத்தில் இறங்கிவிட்டாள். அடுக்குமாடியில் வீடு வீடாக ஏறி பிளாண்டுக்கு எதிரான மனுவில் கையெழுத்து கேட்டாள். ஒவ்வொரு கதவிலும் மணி அடித்துவிட்டு மூச்சு சமனாகும் வரை சுவரைப் பிடித்து நிற்பாள். நான் கூடவே போனேன். குடியிருப்போர் சங்கமான சொசைட்டியின் செயலாளர் எங்களை உட்காரக்கூடச் சொல்லவில்லை.

"மேடம், ஊர் வளரணும்னா கொஞ்சம் தூசி இருக்கத்தான் செய்யும். உங்களுக்கு ஏற்கெனவே நெஞ்சு வீக். அதனால உங்களுக்குப் பெருசாத் தெரியுது."

"உங்க பேரன் இன்ஹேலர் வெச்சிக்கினு லிஃப்ட்ல வரான். அவனுக்கும் பெருசாத் தெரியுதோ?" என்றாள் அக்கா. அவர் கையெழுத்துப் போடவில்லை. அவருடைய மருமகள் படியிறங்கி வந்து போட்டுவிட்டுப் போனாள்.

மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் மனு கொடுத்த சில நாளில் பிளாண்ட் மேனேஜர் வந்தார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் குங்குமம், வாய் நிறைய மாஜி, மாஜி, அதாவது அம்மா, அம்மா. பின்னால் இரண்டு ஆட்கள் அட்டைப்பெட்டிகளைத் தூக்கி வந்தார்கள். காற்றைச் சுத்தப்படுத்தும் மெஷின். பிளாண்டைப் பார்த்திருக்கும் வீடுகளுக்கெல்லாம் ஒன்று. கையெழுத்துப் போட்டவர்களில் பாதிப் பேர் அன்று மாலையே செயலாளரிடம் போய், தங்கள் பெயரை எடுத்துவிடச் சொன்னார்கள்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் பெட்டியைப் பால்கனியிலிருந்து கீழே போட்டிருப்பேன். மாப்பிள்ளை குறுக்கே நின்றார். கோயம்புத்தூர்க்காரர், அதிர்ந்து பேசாதவர்.

"அத்தை, நியாயம் உங்க பக்கம்தான். ஆனா இவ மூச்சுவிடற காத்து இப்போதைக்காவது நல்லா இருக்குமில்லீங்களா? குழந்தை வர்ற வரைக்குமாச்சும் இருக்கட்டுமே."

அக்கா மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வைங்க மாப்பிள்ளை. அவ ரூம்லயே வைங்க. நல்லா ஓடட்டும்."

"உனக்கு ரோஷமே இல்லியா?" என்று கேட்டேன்.

"இருடி," என்றாள்.

விசாரணைக்கு அழைப்பு வர வெகுநாள் ஆயிற்று. அதுவரை அந்த மெஷின் மகளின் அறையில் இராப்பகலாக ஓடியது. போகிற அன்று காலை அக்கா அதன் முதுகைத் திறந்து ஃபில்டரை உருவினாள். வெள்ளையாக வந்தது எருமைத்தோல் நிறத்தில் இருந்தது. அதைச் செய்தித்தாளில் சுற்றிக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். அன்று ஏன் 'இருடி' என்றாள் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

வாரிய அதிகாரியின் அறையில் மேனேஜரும் வந்திருந்தார். அக்கா செய்தித்தாளைப் பிரித்து ஃபில்டரை மேசைமேல் வைத்தாள். மூடிய ஜன்னலுக்குள் தன் மகள் படுத்திருந்த அறையில் எடுத்தது என்று மராத்தியில் சொன்னாள். அதிகாரி நாற்காலியைச் சற்றுப் பின்னால் தள்ளிக்கொண்டார்.

மேனேஜர் சிரித்தபடி சொன்னார். "பாத்தீங்களா சார், நாங்க குடுத்த மெஷின் எவ்வளவு நல்லா வேல செய்யுது."

அதிகாரியும் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். பிறகு அவர் அக்காவின் ஆஸ்பத்திரிக் காகிதங்களைப் புரட்டினார்.

"டீச்சர், உங்க நோய் இந்த பிளாண்ட் வர்றதுக்கு முன்னாடியே இருக்கே. அப்புறம் இவங்களை எப்படிக் குத்தம் சொல்றது?"

"முன்னாடி வந்தது பஸ் புகையிலயும் குப்பை எரிச்ச புகையிலயும் சார்."

"எந்த பஸ்ஸுன்னு சொல்ல முடியுமா?"

முதலில் நாசம் பண்ணியவர்கள் ஆயிரம் பேர், அதனால் யார்மீதும் பழி இல்லை. கடைசியில் வந்தவன் ஒருத்தன், ஆனால் நோய் அவனுக்கு முன்பே இருந்தது, அதனால் அவன்மீதும் பழி இல்லை. அப்படியானால் பழி யார்மீது? மூச்சுவிட்டவள்மீதுதான். நான் மேசையை ஓங்கித் தட்டிவிட்டேன். தண்ணீர் தம்ளர் உருண்டது. வாசலில் நின்ற பியூன் உள்ளே ஓடிவந்தார்.

அக்கா என் கையைப் பிடித்து அமர்த்தினாள். வார்த்தைக்கு வார்த்தை மூச்சை இழுத்து இழுத்துத்தான் பேசினாள்.

"மெஷினுக்கு வேற ஃபில்டர் போட்டுட்டு வந்திருக்கேன் சார். எனக்குள்ள இருக்கறதை மாத்த முடியாது. நான் எனக்காக வரல. என் பொண்ணு வயித்துல இருக்கறதுக்கு இன்னும் எந்த நோயும் இல்ல. அதுக்காக வந்தேன்."

அதிகாரி பேனாவை எடுத்தார். தகரக் கூரை போடவேண்டும், தினமும் தண்ணீர் தெளிக்கவேண்டும், லாரியை மூடி அனுப்பவேண்டும் என்று உத்தரவு எழுதினார். தண்ணீர் தெளித்தார்கள். அதிகாரி பார்க்க வருகிற நாளில் மட்டும் தெளித்தார்கள்.

பிறகு ஒரு நாள் பிளாண்டைக் கழற்ற ஆரம்பித்தார்கள். சொசைட்டியில் பேடா வாங்கிப் பங்கு வைத்தார்கள். கையெழுத்தே போடாத செயலாளருக்கு வாட்ஸாப் குழுவில் நன்றிமேல் நன்றி. எங்கள் புகாரால்தான் என்று நானும் ஒரு நாள் முழுக்க நம்பினேன். மறுநாள் அதே தகரத் தடுப்பில் புது அடுக்குமாடியின் படம் ஒட்டினார்கள். நீச்சல்குளம், தென்னை மரம், குழந்தையைத் தூக்கிச் சிரிக்கும் வெள்ளைத்தோல் தம்பதி. ஃபிளாட் பார்க்க வருகிறவர்கள் தூசியைப் பார்க்கக்கூடாதாம். எங்கள் மூச்சுக்காக நிற்காதது அவர்கள் விற்பனைக்காக நின்றது.

அக்கா பேடாவைத் தொடவில்லை. வாட்ச்மேனிடம் போய், "எங்க கொண்டுபோனாங்க?" என்று கேட்டாள்.

அவர் சொன்ன இடத்துக்கு ஆட்டோவில் போனோம். கட்டடத் தொழிலாளர்களின் தகரக் கொட்டகைகள், அதை ஒட்டி ஒரு சின்ன மராத்திப் பள்ளி. பள்ளியின் விளையாட்டு மைதானத்துக்கும் பிளாண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு முள்வேலி. பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தட்டில் விழுகிற தூசிக்காக ஒரு கையால் தட்டை மூடிக்கொண்டு மறு கையால் அள்ளிச் சாப்பிட்டார்கள். யாரும் சொல்லிக்கொடுக்காமல் தாங்களாகவே அதைக் கற்றுக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் பள்ளியின் டீச்சர் எங்களைச் சந்தேகமாகத்தான் பார்த்தாள். அக்கா தானும் டீச்சர் என்றதும் கொஞ்சம் இளகினாள்.

"இருமல் இல்லாத பிள்ளை ஒண்ணுகூட இல்ல. மேல சொன்னா, மஞ்சப்பால் குடுக்கச் சொல்றாங்க. நான் ரொம்பப் பேசினா எங்கயாவது தூக்கிப் போட்டுடுவாங்க."

"நீ பேசாத. அம்மாங்கள வரச்சொல்லு. நான் பேசறேன்," என்றாள் அக்கா.

அந்த அம்மாக்கள் ஜல்லி சுமக்கிறவர்கள், கட்டட வேலைக்கு எங்கெங்கிருந்தோ வந்தவர்கள். அக்கா அவர்களிடம் ஜீன், அடையாளம் என்று எதுவும் பேசவில்லை. அந்தப் பழைய ஃபில்டரை மட்டும் காட்டினாள். இது மெஷினுக்குள் இருந்தது, உங்கள் பிள்ளைக்கு உள்ளே இதே வேலையைச் செய்வது நெஞ்சு என்றாள். ஒரு பெண் அதை வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு அடுத்தவளிடம் கொடுத்தாள். இரண்டு நாள் கழித்து, வேலைக்குப் போகாமல், பிளாண்ட் கேட்டின் முன்னால் பிள்ளைகளோடு உட்கார்ந்துவிட்டார்கள். அக்காவுக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். உருளை லாரிகள் உள்ளேயே நின்றன. கலந்த கான்கிரீட் இறுகிவிடும் என்று மேனேஜர் கெஞ்சினார், பிறகு மிரட்டினார், பிறகு போலீஸைக் கூப்பிட்டார்.

வந்த இன்ஸ்பெக்டர் அக்கா மூச்சுக்குத் திணறுவதைப் பார்த்துவிட்டு, "அம்மா, ஆம்புலன்ஸ் வரவழைக்கட்டுமா?" என்று கேட்டார்.

"வரட்டும். ஆனா மொதல்ல அந்த ஆபீசர் வரட்டும்," என்றாள் அக்கா.

அதிகாரி வந்தார். இந்த முறை அவர் சிரிக்கவில்லை. பள்ளி நடக்கும் நேரத்தில் பிளாண்ட் ஓடக்கூடாது, லாரி நகரக்கூடாது என்று எல்லார் முன்னாலும் உத்தரவு போட்டார். அம்மாக்கள் கைதட்டினார்கள். அக்காவை அங்கிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். இந்த உத்தரவைப் பிளாண்ட்காரர்கள் மீறவில்லை. பள்ளி மணி அடித்து முடிந்ததும் ஆரம்பித்து, விடிகிற வரை ஓட்டுகிறார்கள். பிள்ளைகள் தூங்குகிற கொட்டகைகள் அதே வேலிக்கு அந்தப் பக்கம்தான் இருக்கின்றன. அக்கா அதற்கும் மனு போட்டிருக்கிறாள். இன்னும் விசாரணைக்கே வரவில்லை.

அக்கா இப்போது என்னோடு கட்கியில் இருக்கிறாள். குளிர்காலம் வந்தால் ஒரு தடவையாவது ஆஸ்பத்திரி. நடை குறைந்துவிட்டது, வாய் குறையவில்லை. தெருமுனையில் யாராவது குப்பைக்குத் தீ வைத்தால் ஜன்னலிலிருந்தே மூன்று மொழியில் திட்டுவாள். நான் வாளித் தண்ணீரோடு இறங்குவேன். எங்கள் இருவரையும் தெருவில் பைத்தியங்கள் என்று சொல்கிறார்கள். சொல்லட்டும்.

அக்கா மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. நல்ல எடை, நல்ல குரல். வாரக்கடைசியில் தூக்கிக்கொண்டு வருவாள். போன வாரம் குழந்தைக்குச் சளி பிடித்திருந்தது. ஒவ்வொரு தடவை அது இருமும்போதும் அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

"சித்தி, இது சாதாரண இருமல்தானே?"

எல்லாக் குழந்தைக்கும் சளி பிடிக்கும், இருமும், சரியாகிவிடும் என்று சொன்னேன். அது உண்மையாகவும் இருக்கலாம். ஓர் இருமலைப் பார்த்து இவ்வளவு பயப்பட வேண்டிய நிலைக்கு அவளைக் கொண்டுவந்து விட்டவர்களை நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொன்னேன்.